இருபத்துநாலாவது ஃபேடர்

சாலிகிராமத்தில் ஒரு மாவு மில். மில்லுக்கு மேலே ஒரு ஸ்டூடியோ. கீழே மிளகாய் அரைபட்டால் மேலே இருப்பவர்களுக்குத் தும்மல் வரும். கோதுமை அரைபட்டால் தும்மல் வராது, ஆனால் தரை அதிரும். எப்படிப் பார்த்தாலும் மில் ஓடும்போது வேலை நடக்காது. காலை பதினொரு மணிக்கு மில் நிற்கும். மறுபடி ஓடுவது நாலு மணிக்கு. அந்த ஸ்டூடியோவுக்குப் பகல் என்பது அவ்வளவுதான்.

அந்த ஐந்து மணி நேரப் பகலில் ஃப்ளாவியா மாஸ்டர் தன் ஆல்பத்தைச் செய்துகொண்டிருந்தார்.

பெண்தான். இருந்தாலும் எல்லாருக்கும் மாஸ்டர். ஹார்ட் ராக் வாசிக்கிறவர். கிட்டாரை மடியில் வைத்துக் கொஞ்சுகிற ரகம் இல்லை. எழுந்து நின்று, காலை அகட்டி, இடி இறக்குகிற ரகம். முப்பது வருஷம் ஓட்டல் மேடை, காலேஜ் விழா, யாருடைய பாட்டிலோ நாலு வரி என்று வாசித்தாயிற்று. சொந்தப் பேரில் ஒரு ஆல்பம் வந்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இதுதான் முதல். எட்டுப் பாட்டு.

அவரோடு வாசித்தது இரண்டு சீடர்கள். தணிகைவேல் பதினாலு வருஷமாகக் கூட இருப்பவன். நாற்பத்தொரு வயது, காதோரம் நரை. ஷாகுலுக்கு இருபத்தாறு. வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. எட்டுப் பாட்டிலும் இடது காதில் தணிகை, வலது காதில் ஷாகுல், நடுவில் மாஸ்டர். அப்படித்தான் ஏற்பாடு.

முதல் பாட்டு ரெக்கார்டிங் அன்றே தணிகைக்கு நெஞ்சில் ஏதோ சிக்கிக்கொண்டது.

அன்று ஷாகுல் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தான். வந்தவன் கம்பியை மீட்டுகிற பிக்கை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொல்லித் தணிகையுடையதை வாங்கிக்கொண்டான். முறுக்குத் தின்ற கையைப் பேன்ட்டில் துடைத்தான். வாசித்தான். ஒரே டேக்.

"இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

அதே பாட்டைத் தணிகை பதினோரு தடவை வாசித்தான். பதினோராவதுக்கு மாஸ்டர் "ம்" என்றார். அவ்வளவுதான். "இருக்கட்டும்" என்பதற்கும் "ம்" என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று, பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அளந்துகொண்டே போனான். பிக் திரும்பி வரவில்லை என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஷாகுல் கெட்ட பையன் இல்லை. அதுதான் தொந்தரவே. கெட்டவனாக இருந்திருந்தால் தணிகைக்கு வேலை சுலபம். அவனோ வார்த்தைக்கு வார்த்தை அண்ணா என்பான். டீ வந்தால் முதல் டம்ளரைத் தணிகையிடம்தான் நீட்டுவான். ஒருநாள் சொன்னான்:

"அண்ணா, உங்க கை அப்படியே மாஸ்டர் கை. கண்ணை மூடிட்டுக் கேட்டா மாஸ்டர்தான்."

புகழ்கிறானா, குத்துகிறானா என்று தணிகைக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் யோசித்து, குத்துகிறான் என்றே முடிவு செய்தான்.

அதன்பின் தணிகை சீக்கிரமே ஸ்டூடியோவுக்கு வர ஆரம்பித்தான். மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, சவுண்ட் இன்ஜினியர் கோமதிநாயகத்திடம் ஷாகுல் வாசித்ததை மட்டும் தனியாகப் போடச் சொல்வான். குற்றம் தேடிக் கேட்டான். மூன்றாவது பாட்டில் ஒன்று அகப்பட்டது. ஓர் இடத்தில் விரல் கம்பியில் வழுக்குகிறது. கீச்சென்று ஒரு சின்னச் சத்தம்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னான், ரொம்பக் கவலைப்படுகிறவன் மாதிரி.

"ஆமா" என்றார் மாஸ்டர். "நல்லா வழுக்குது, இல்ல?"

அன்று தணிகை வீட்டில் உட்கார்ந்து வழுக்கிப் பார்த்தான். பழகினான். பழகப் பழகச் சுத்தமாக வந்தது.

இப்படியே எட்டுப் பாட்டும் ரெக்கார்டிங் முடிந்தது. இனி மிக்ஸிங். எந்தக் கிட்டார் முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும், எது எவ்வளவு சத்தம் என்று சரிபார்த்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற வேலை. அது முடிந்தால் முடிந்தது. பின்னால் நின்றவன் என்றைக்கும் பின்னால்தான்.

தணிகைக்கு இன்னொரு ஆல்பம் வாய்க்கப் போவதில்லை. அது அவனுக்குத் தெரியும். பதினாலு வருஷம் வாசித்ததற்கு மிஞ்சப் போவது இந்த எட்டுப் பாட்டின் இடது பக்கம் மட்டும்தான். மிக்ஸிங்குக்கு முன்னால் நாயகம் ஒருமுறை எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிக் காட்டினார். தணிகை கேட்டான். முதலிலிருந்து கடைசிவரை அவனுக்கு வலது காதுதான் கேட்டது.

மாடிப்படியில் மாஸ்டரை நிறுத்தினான்.

"மாஸ்டர், இந்த ஆல்பத்துல நான் இருக்கேனா?"

"எட்டுப் பாட்டுலயும் வாசிச்சிருக்கியே."

"வாசிச்சேன். ஆனா அவன் சத்தம்தான் கேக்குது. என்னைக் காணோம்."

"என்ன செய்யலாம்?"

மாஸ்டர் இப்படித் திருப்பிக் கேட்பார் என்று அவன் நினைக்கவில்லை. மனதில் எழுதி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வந்துவிட்டது. ஷாகுலைக் கொஞ்சம் இறக்கலாம் என்றான். கொஞ்சம் போதும், அவன் வருத்தப்படாத அளவுக்கு. அது முடியாது என்றால் தன் பேரை அட்டையிலிருந்து எடுத்துவிடலாம், தான் கௌரவமாக விலகிக்கொள்வதாகவும் சொன்னான். கௌரவமாக என்பதை இரண்டு தடவை சொன்னான்.

கீழே மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் ஒரு தும்மல் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுநாள் பதினொரு மணிக்கு வரச் சொன்னார். ஷாகுலை வர வேண்டாம் என்று தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

தணிகை பத்தரைக்கே வந்து படியில் உட்கார்ந்திருந்தான்.

நாயகத்தின் மேஜையில் வரிசையாக இருபத்துநாலு ஃபேடர். ஒவ்வொன்றும் ஒரு வாத்தியத்துக்கு. விரலால் மேலே தள்ளினால் அந்த வாத்தியத்தின் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். மாஸ்டர் தணிகையை நாயகத்தின் நாற்காலியிலேயே உட்காரவைத்து, கடைசி ஃபேடரைத் தொட்டுக் காட்டினார்.

"இது ஷாகுல். உனக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு இறக்கு. மத்ததைத் தொடாதே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அவன் கேட்டா?"

"நீ இறக்கினேன்னு சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு ஜன்னல் ஓரத்து சோபாவில் போய்ச் சாய்ந்துகொண்டார். நாயகம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பாட்டைப் போட்டார்.

தணிகை முதலில் ஒரு மயிரிழை இறக்கினான். கேட்டான். திரும்பி மாஸ்டரைப் பார்த்தான். அவர் கண்ணை மூடியிருந்தார். இன்னொரு மயிரிழை இறக்கினான். முழுக்க இறக்கவில்லை. அவ்வளவு கெட்டவன் இல்லை என்று தன்னைப் பற்றி அவனுக்கு ஓர் எண்ணம் இருந்தது. ஃபேடர் பக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில், எந்தப் பாட்டுக்கு எவ்வளவு என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தான்.

இரண்டாவது பாட்டில் அவனுக்கு மூச்சு இலகுவாயிற்று. தோள் இறங்கியது.

மூன்றாவது பாட்டில் அது நடந்தது. நடுவில் எல்லா வாத்தியமும் ஒரு நொடி நின்று, திரும்ப ஒன்றாக விழுகிற இடம். அங்கே இடது பக்கத்திலிருந்து ஒரு கிட்டார், மற்றவர்கள் விழுவதற்குக் கண்ணிமைக்கிற நேரம் முந்தி, மெதுவாகக் கதவைத் திறந்துவிடுகிற மாதிரி உள்ளே வந்தது. தணிகை நிமிர்ந்தான். திரும்பப் போடச் சொன்னான். மறுபடியும் போடச் சொன்னான்.

"இதுதான் நான்" என்றான் நாயகத்திடம். "இது நான் சார். இத்தனை நாள் இது எங்க போச்சு?"

நாயகம் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்புறம் வேலை விறுவிறுவென்று நடந்தது. நாலு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு பாட்டிலும் தணிகை தன்னைக் கண்டுபிடித்துக்கொண்டே போனான். கால் தானாகத் தாளம் போட்டது. ஏழாவது பாட்டு வந்தபோது அவன் மனசு எவ்வளவு விரிந்துவிட்டது என்றால், ஷாகுல் வாசிப்பதைக் கேட்டுச் சிரிக்கவே ஆரம்பித்துவிட்டான். பையன் நன்றாகத்தான் வாசிக்கிறான், அளவாக இருந்தால் அழகாகவே இருக்கிறது என்று நாயகத்திடம் சொன்னான்.

எட்டாவதற்கும் கோடு போட்டாயிற்று. தணிகை நாற்காலியைத் திருப்பினான்.

"முடிச்சிட்டேன் மாஸ்டர். இப்பத்தான் பாட்டு பாட்டா இருக்கு. ஏழாவதுல மட்டும் அவனைக் கொஞ்சம் ஏத்திட்டேன். பாவம், சின்னப் பையன்."

"பெரிய மனசு உனக்கு" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமலே.

ஃபிளாஸ்கிலிருந்து நாயகம் டீ ஊற்றினார். எட்டாவது பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரை வாங்கக் கை நீட்டியபோது தணிகையின் சட்டைக் கை ஃபேடரில் மாட்டி இழுத்துவிட்டது. ஃபேடர் சர்ரென்று அடிவரைக்கும் இறங்கியது.

ஷாகுல் வாசித்துக்கொண்டே இருந்தான்.

தணிகை ஃபேடரைப் பார்த்தான். மேலே தள்ளினான், உச்சிவரைக்கும். ஷாகுல் அதே சத்தத்தில் வாசித்தான். மறுபடி இறக்கினான். ஒன்றும் ஆகவில்லை. நாயகத்தைப் பார்த்தான். நாயகம் மின்விசிறியைப் பார்த்தார்.

"சார், இது என்ன?"

நாயகத்துக்குப் பொய் சொல்ல வராது. அவர் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். படத் தயாரிப்பாளர்கள் வருவார்களாம். அதைத் தூக்கு, இதை இறக்கு என்பார்களாம். நாமே செய்தால் அவர்களுக்கு நம்பிக்கை வராதாம். அதனால் இருபத்துநாலாவது ஃபேடரை அவர்களுக்கென்றே வைத்திருக்கிறாராம்.

"அதுல வயரே கிடையாது சார். இதுவரைக்கும் யாரும் குறைசொல்லிட்டுப் போனதில்லை. நிறையப் பேர் கையெல்லாம் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

தணிகை எழுந்துவிட்டான். காது சிவந்துவிட்டது. அவன் சத்தம் போடுகிற ஆள் இல்லை; சத்தம் போடாமலே நிறையச் சொன்னான். பதினாலு வருஷம் கூட இருந்தவன் கையில் பொம்மையைக் கொடுத்து விளையாடவிட்டு, சோபாவில் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறீர்களே என்றான். கிட்டார் எடுத்து வரவில்லை என்பதை மறந்து, பையைத் தேடி அறையை ஒரு சுற்றுச் சுற்றினான். வாசலுக்குப் போனவன் நின்று திரும்பினான்.

"ஷாகுலுக்கும் இதே விளையாட்டு காட்டினீங்களா?"

"அவன் ஒண்ணும் கேக்கலை."

அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. அவனும் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தான். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"அப்ப நான் ஒருத்தன்தான் இந்த நாற்காலில உக்காந்து அசிங்கப்பட்டவன்."

மாஸ்டர் சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்.

"நான் உக்காந்தேன்."

"நீங்களா?"

"போன வாரம்."

"யாரை இறக்க?"

"உன்னை."

பாட்டு முடிந்திருந்தது.

மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். நாலாவது பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாராம். நடுவிலும் அவரே, இடது பக்கத்திலும் அவரே. முப்பது வருஷம் விரல் தேய்ந்து சேர்த்த கை. அதை ஒருத்தன் இடது பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாக, வியர்க்காமல் வாசிக்கிறான்.

"என்னைவிடச் சுத்தமா வேற" என்றார். "எனக்கு ஒரே ஒரு ஆல்பம்டா. அதுல எது நான், எது நீன்னு எனக்கே தெரியலை. பொறுக்க முடியலை."

தணிகைக்கு முதல் ரெக்கார்டிங் ஞாபகம் வந்தது.

"அந்தப் பதினோரு டேக்?"

"எங்கயாவது தப்பு விடுவியான்னு பாத்தேன். தப்பே விட மாட்டேங்கறே."

பதினாலு வருஷமாக அவன் காத்திருந்த சொல் அது. வந்தபோது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். தன்னை இறக்கினபோது எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டான்.

"ரொம்ப நல்லா இருந்தது" என்றார் மாஸ்டர். "ரெண்டு நாள் இறக்கினேன். சந்தோஷத்துல நாயகத்துக்குக் காபி வாங்கிக் குடுத்தேன்."

"ரெண்டு நாளும் வாங்கிக் குடுத்தாங்க" என்றார் நாயகம். "ரெண்டாவது காபி தொண்டைல இறங்கலை சார். சொல்லிட்டேன்."

தணிகை முதலில் சிரிக்கக் கூடாது என்று பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மாஸ்டரும் சிரித்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாயகம் நினைத்தார்.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் தணிகையின் கண் மறுபடி மேஜைக்குப் போனது. ஒன்றிலிருந்து இருபத்துமூன்றுவரை ஒரு நடை போய் வந்தது.

"நிஜமா ஷாகுல் எதுல இருக்கான் மாஸ்டர்?"

நாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து வந்து, மேஜைமேல் கிடந்த நாயகத்தின் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதற்கு அடியில் நாலு ஃபேடர்கள் மறைந்திருந்தன. ஒன்பதாவதைத் தொட்டார்.

"இது. இதுல வயர் இருக்கு. போ, செய். காலைல சொன்னதுதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நிஜமாவா?"

"உன் கை. உன் காது."

நாயகம் மூன்றாவது பாட்டைப் போட்டார்.

தணிகை ஒன்பதாவதில் விரலை வைத்தான். ஒரே இழுப்பில் அடிவரைக்கும் இழுத்தான். ஷாகுல் போய்விட்டான். பேச்சு நடுவில் யாரோ எழுந்து போய்விட்ட மாதிரி வலது பக்கம் வெறும் இடமாக இருந்தது. மாஸ்டர் நடுவில் வாசித்தார். இடது பக்கம் தணிகை வாசித்தான். எல்லாரும் நின்று திரும்ப விழுகிற இடம் வந்தது. அவனுடைய கிட்டார் முந்திக்கொண்டு உள்ளே வந்தது. யாரையும் முந்தின மாதிரி இல்லை. தவறி விழுந்த மாதிரி இருந்தது.

தணிகை ஃபேடரைக் கொஞ்சம் ஏற்றினான். ஷாகுல் எங்கோ தூரத்தில், பக்கத்துத் தெருவில் வாசித்தான். இன்னும் ஏற்றினான். அது அதிகம். இறக்கினான். அது குறைச்சல். பாட்டைத் திரும்பப் போடச் சொன்னான். மத்தியானம் மயிரிழை மயிரிழையாக ஓடிய விரல் இப்போது நனைந்து வழுக்கியது. டேப்பில் அவன் போட்ட எட்டுக் கோடுகள் இருபத்துநாலாவதற்குப் பக்கத்தில் அப்படியே இருந்தன. ஒன்பதாவதற்குப் பக்கத்தில் ஒரு கோடும் இல்லை.

நாலாவது தடவை பாட்டு முடிந்தபோது விரலை எடுக்காமலே திரும்பினான்.

"தெரியலை மாஸ்டர். இதை எங்க வைக்கறது?"

மாஸ்டர் ஆறிப்போயிருந்த அவனுடைய டீயை எடுத்துக் குடித்தார்.

"மத்தியானம் 'இதுதான் நான்'னு சொன்னியே. அப்ப இந்த ஒன்பதாவது எங்க இருந்துதோ, அங்கேயே வை."